கை கழுவினோம், ஜன்னலைத் திறந்தோமா?



எங்கள் மருத்துவமனையின் முன்வாசலில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று இருக்கிறது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அதைக் கொண்டுவந்து ஓர் இரும்பு ஸ்டாண்டின்மேல் வைத்தோம். அடியில் ஒரு குழாய். பக்கத்தில் நைலான் வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட சோப்பு. காவலாளி கையில் ஒரு விசில். கை கழுவாமல் உள்ளே நுழைகிறவரைக் கண்டால், அவர் டாக்டராகவே இருந்தாலும் ஊதிவிடுவார். அந்த நாட்களில் சோப்பு வாங்கி மாளவில்லை. இன்று டிரம் அதே இடத்தில் இருக்கிறது. சோப்பு இல்லை. ஆட்டோ ஓட்டுகிற தம்பிகள் மதிய வெயிலில் முகம் கழுவிக்கொள்ள அது உதவுகிறது.

சென்ற மாதம் மருத்துவமனையைப் பார்க்க வந்திருந்த ஒரு சபையின் பெரியவர் அந்த டிரம்மைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேரை இழந்தும் ஜனங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையே" என்று வருத்தப்பட்டார். அவருக்கு அப்போது சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு கொள்ளைநோய் வந்து போகும்போது மனிதருடைய அன்றாடப் பழக்கங்களில் எது தங்குகிறது, எது போய்விடுகிறது, ஏன் அப்படி என்பதை அதற்குப் பிறகு கொஞ்சம் தேடிப் படித்தேன். படித்ததையும், எங்கள் வார்டுகளில் கண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் நாம் என்னென்ன செய்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். மார்ச் 25 முதல் ஊரடங்கு. பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். காய்கறியை மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் ஊறவைத்தோம். ரூபாய் நோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தவர்களும் உண்டு. செய்தித்தாளை நிறுத்தினோம். வாசலில் வேப்பிலை கட்டினோம். தெரு முனையில் கபசுரக் குடிநீர் வாங்கிக் குடித்தோம். வெளியே போய் வந்தால் கை கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று நம் பாட்டிமார் வைத்திருந்த சட்டம், திண்ணையும் சொம்புத் தண்ணீரும் போனதோடு மறைந்திருந்தது, ஒரே வாரத்தில் திரும்பி வந்தது.

இவற்றில் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில் அது வெறும் நம்பிக்கையல்ல. கொரோனா கிருமியைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. சோப்பின் ஒவ்வொரு துகளுக்கும் ஒரு முனை தண்ணீரை நாடும், மறு முனை கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனை கிருமியின் உறைக்குள் ஊசிபோல் நுழைந்து அதைப் பிய்த்துவிடுகிறது. தண்ணீர் அந்தச் சிதறலை அடித்துக்கொண்டு போகிறது. எண்ணெய்ச் சட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது நடப்பதும் இதுவே. விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாவற்றையும் தேய்க்க 20 விநாடியாவது ஆகும் என்பதால்தான் அந்தக் கணக்குச் சொல்லப்பட்டது. சானிடைசர் இதே வேலையை ஆல்கஹால் கொண்டு செய்கிறது. ஆனால் கையில் மண்ணும் பிசுக்கும் இருந்தால் அது பயன்படாது. வாந்தி பேதியை உண்டாக்கும் சில கிருமிகளுக்கு அப்படிப்பட்ட கொழுப்பு உறையே கிடையாது. அவற்றிடம் சானிடைசர் அவ்வளவாகப் பலிப்பதில்லை.

சோப்புப் போட்டுக் கை கழுவுகிற வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆகவே கொரோனா போனாலும் இந்தப் பழக்கம் நின்றுவிடக் கூடாது. ஆனால் பழக்கத்திற்குக் குழாய் வேண்டும், சோப்பு வேண்டும். 2020-ல் உலக மக்களில் 230 கோடிப் பேருக்கு வீட்டில் சோப்பும் தண்ணீரும் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் கிடைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கணக்கிட்டன. பத்துப் பேரில் மூன்று பேர்! நம் டிரம்மிலும் அதுவே நடந்தது. சோப்புக் கரைந்தபோது மாற்றி வைக்க ஆள் இருந்தவரை ஜனங்கள் கழுவினார்கள். அந்த ஆளை வேறு வேலைக்கு அனுப்பியவர்கள் நாங்கள். அந்தப் பெரியவரிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

பாடகர் குழுவுக்கு நேர்ந்தது

ஆனால் என் மனதை உறுத்துவது சோப்பு அல்ல.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி. அங்கே ஒரு பாடகர் குழு. 2020 மார்ச் 10-ம் தேதி மாலை, மவுண்ட் வெர்னன் என்ற ஊரிலுள்ள ஓர் ஆலயக் கட்டடத்தில் அவர்கள் வழக்கமான பயிற்சிக்குக் கூடினார்கள். நோய் பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் வாசலில் சானிடைசர் வைத்திருந்தார்கள். வழக்கமாக ஒருவரையொருவர் தழுவிக்கொள்கிறவர்கள் அன்று கைகூடக் குலுக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டதையெல்லாம் செய்தார்கள். குளிர் காலமானதால் கதவுகள் சாத்தியிருந்தன. 61 பேர், இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அவர்களில் ஒருவருக்கு லேசான சளி போன்ற அறிகுறி இருந்தது. சில நாட்களுக்குள் 53 பேர் நோயுற்றார்கள். இரண்டு பேர் மரித்தார்கள்.

நம் ஆலயங்களில் கிறிஸ்துமஸ் கீதங்களுக்காக நவம்பர் மாதத்திலிருந்தே பாடகர் குழு பயிற்சிக்குக் கூடும். ஜன்னலைச் சாத்திவிட்டு, "சத்தம் வெளியே போகாமல் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாடுகிற காட்சி நமக்குத் தெரியும். ஆகவே இந்தச் சம்பவத்தை வாசித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவர்கள் கையைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வியாதி காற்றில் வந்தது.

இது எப்படி என்று வீட்டு உதாரணத்தால் சொல்லலாம். ஓர் அறையின் மூலையில் ஊதுபத்தி ஏற்றிவைக்கிறீர்கள். கதவும் ஜன்னலும் சாத்தியிருந்தால் பத்து நிமிடத்தில் மறுமூலையில் இருப்பவருக்கும் வாசனை எட்டும். ஜன்னலைத் திறந்து மின்விசிறியைப் போட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். நாம் மூச்சு விடும்போதும் பேசும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நீர்த்துளிகள் புகைபோலவே வெளிவருகின்றன. பெரிய துளிகள் கீழே விழுந்துவிடும். நுண்ணியவை மணிக்கணக்கில் மிதக்கும். உரக்கப் பேசினால் அதிகம் வரும், பாடினால் இன்னும் அதிகம்.

அப்படியானால் ஆரம்பத்திலேயே "ஜன்னலைத் திறங்கள்" என்று ஏன் உரத்துச் சொல்லப்படவில்லை? 2020 மார்ச் மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனம், இந்த நோய் காற்றில் பரவுவதில்லை என்றே அறிவித்தது. 2021-ல்தான் அந்த நிலை வெளிப்படையாக மாறியது. இதற்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு உண்டு, அது சுவையானது.

பழைய காலத்தில் கெட்ட காற்றே எல்லா வியாதிக்கும் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். சாக்கடை நாற்றம் காலராவைத் தரும் என்று எண்ணினார்கள். அது தவறு. அந்தத் தவறான காரணத்தை நம்பிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், வெளிக்காற்றைப்போலவே நோயாளியின் அறைக்காற்றும் தூய்மையாக இருக்கச் செய்வதைச் செவிலியரின் முதல் கடமையாக எழுதிவைத்தார். காரணம் தவறு, காரியம் சரி. பிறகு கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரத்தின் சுகாதார அதிகாரியான சார்லஸ் சேப்பின் என்பவர் 1910-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். வியாதிகள் பெரும்பாலும் தொடுவதாலும் நெருக்கமாக இருப்பதாலும் பரவுகின்றன, காற்றைக் கண்டு பயப்படுவதை விட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள் என்பது அவருடைய போதனை. அந்த நாளுக்கு அது மிக நல்ல போதனை. அதனால் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கும். ஆனால் காற்று என்ற பேச்சையே மருத்துவ உலகம் ஒரு மூடநம்பிக்கைபோல ஒதுக்கிவைக்க அதுவும் ஒரு காரணமாயிற்று.

அதே 1910-ம் ஆண்டின் டிசம்பரில், சீனாவின் வடகிழக்கிலுள்ள ஹார்பின் நகரத்தில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய். வூ லியன் தே என்ற இளம் மருத்துவர் அங்கே அனுப்பப்பட்டார். மலாயாவின் பினாங்கில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்தவர். எலியும் தெள்ளுப்பூச்சியும் இல்லாமலே இது மூச்சுக்காற்றால் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது என்று கண்டு, பஞ்சை மல்துணியில் மடித்து மூக்கையும் வாயையும் மூடும் கவசத்தை எல்லாரும் அணியச் சொன்னார். அங்கு வந்த மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அதே நோயால் இறந்தார். அதற்குப் பிறகு அந்த நகரத்தில் கவசமில்லாதவரைக் காண்பது அரிதாயிற்று என்பார்கள். அந்தக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள்.

நாம் அணிந்த முகக்கவசத்தின் முன்னோடி அது. அதன் பின்கதை கலவையானது. 1918-ம் ஆண்டு உலகையே வாட்டிய விஷக்காய்ச்சலில் நம் தேசத்தில் மட்டும் ஒரு கோடிக்கு அதிகமானோர் மடிந்தார்கள். 1921-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் ஜனத்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. அந்தக் காய்ச்சலின்போது சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் முகக்கவசம் சட்டமாக்கப்பட்டது. நவம்பர் 21-ம் தேதி நண்பகலில் சட்டம் விலக்கப்பட்ட ஒலி கேட்டதும் ஜனங்கள் கவசங்களைக் கழற்றித் தெருவிலேயே வீசினார்கள். ஜனவரியில் காய்ச்சல் திரும்ப வந்தது, சட்டமும் திரும்ப வந்தது. இம்முறை அதை எதிர்க்கச் சங்கமே அமைத்தார்கள். ஜப்பானிலும் அதே காய்ச்சலின்போது அரசு கவசத்தைப் பிரசாரம் செய்தது. அங்கே அது தங்கிவிட்டது. எனக்குச் சளி பிடித்திருக்கிறது, என்னால் உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்கிற மரியாதையாக அது அங்கே மாறிப்போனது. நம் ஊரில் அபராதத்திற்காக அணிந்தோம், பலர் தாடையில் அணிந்தோம். அபராதம் நின்றது, கவசமும் போயிற்று.

எச்சிலும் கிண்ணமும்

பழக்கம் எப்படித் தங்குகிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான இன்னொரு கதை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க ரயில்களில் தண்ணீர்த் தொட்டியோடு சங்கிலி போட்டு ஒரே ஒரு குவளை வைத்திருப்பார்கள். பயணிகள் அனைவரும் அதில் வாய் வைத்துக் குடிப்பார்கள். 1909-ல் கான்சாஸ் மாநிலத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கிரம்பைன் அதைத் தடை செய்தார். மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. காகிதக் குவளை அப்போதுதான் வியாபாரத்துக்கு வந்தது. தடை போட்ட அதே வேளையில் மாற்றும் கைக்குக் கிடைத்ததால் ஜனங்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பவே இல்லை.

இதை நம் கிராமத்துப் பாட்டி கேட்டால் சிரிப்பார்கள். செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்க நம் குழந்தைகளுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டிச் சொல்லித் தரவில்லை. எச்சில் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. (அதே எச்சில் என்ற எண்ணம் சாதியின் பெயரால் மனிதரை ஒதுக்கவும் பயன்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்தவர்கள் கிருமிக்குப் பயந்து வைக்கவில்லை.)

திருவிருந்தில் பொதுப் பாத்திரத்துக்குப் பதிலாகச் சிறு கிண்ணங்கள் வந்ததும் இதே வழியில்தான். காசநோயும் தொண்டை அடைப்பானும் பரவிய 1890-களில், ஓஹியோ மாநிலத்தில் மருத்துவரும் போதகருமாயிருந்த ஜே. ஜி. தாமஸ் என்பவர் தனிக் கிண்ணங்களுக்கு 1894-ல் காப்புரிமை பெற்றார். அன்று அதைக் குறித்துச் சபைகளில் பெரும் வாக்குவாதம் நடந்தது. 2020-க்குப் பிறகு நம் சபைகள் பலவற்றிலும் அதே வாக்குவாதத்தை நாம் கேட்டோம் அல்லவா?

இருமலை மறைத்த பெண்

இனி நான் சொல்ல வந்த காரியத்துக்கு வருகிறேன்.

2020, 2021 ஆண்டுகளில் பள்ளிகள் மூடியிருந்ததாலும், பயணங்கள் நின்றதாலும், கவசம் அணிந்ததாலும் உலகம் முழுவதிலும் சாதாரண விஷக்காய்ச்சல் ஏறக்குறைய காணாமல் போயிற்று. அந்தக் காய்ச்சல் கிருமிகளில் பி வகையைச் சேர்ந்த யமகட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்குமே கண்டறியப்படவில்லை. தடுப்பூசியில் இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. மனிதருடைய பழக்கங்கள் சிறிது காலம் மாறியதால் ஒரு கிருமிப் பிரிவே அற்றுப்போயிருக்கலாம் என்பது எவ்வளவு ஆச்சரியம்!

இது நல்ல செய்தி. இதன் மறுபக்கத்தைக் கேளுங்கள். 2019-ல் இந்தியாவில் ஏறத்தாழ 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். 2020-ல் அது 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறையவில்லை. நோயாளிகள் வரவில்லை. பேருந்து இல்லாமல் வர முடியாதவர்கள் ஒரு பக்கம். வர அஞ்சியவர்கள் மறுபக்கம். அந்த ஆண்டு நம் மக்கள் கற்றுக்கொண்ட பழக்கங்களில் ஒன்றை யாரும் சுவரொட்டியில் எழுதவில்லை: இருமலை மறைக்கும் பழக்கம். பேருந்தில் ஒருவர் இருமினால் மற்றவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை உங்களுக்கு நினைவிருக்கும்.

எங்களிடம் வந்த ஒரு சகோதரியின் கதையைச் சொல்கிறேன். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துப் பிழைப்பவர். ஊரடங்கில் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் யாருமில்லை. ஆகவே துணி முகக்கவசம் தைத்தார். காற்று புகாத சிறிய முன்னறையில், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நாள் முழுவதும் கவசம் தைத்தார். அப்போதே இருமல் இருந்தது. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அவர் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தபோது எடை 36 கிலோ.

"எத்தனை நாளாக இருமல், அக்கா?" என்று எங்கள் நர்ஸ் கேட்டார்.

"தீபாவளிக்கு முன்னாடி இருந்தே இருக்கு சிஸ்டர். சொன்னா கொரோனான்னு கூட்டிட்டுப் போயிடுவாங்க. வீட்டு வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்க. பிள்ளைங்களை யார் பார்க்கிறது?"

சளியைப் பரிசோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. மருந்துக் கடையில் இருமல் டானிக்கும், பிறகு அப்போது எல்லார் வாயிலும் புழங்கிய ஓர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வாங்கிச் சாப்பிட்டு நான்கு மாதம் ஓட்டியிருந்தார். அந்தக் காலத்தில் வேரூன்றிய கெட்ட பழக்கங்களில் இதுவும் ஒன்று. டாக்டர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கியவர்கள்கூட இருந்தார்கள். சர்க்கரை நோயுள்ளவர்களிடம் ஸ்டீராய்டு என்ன செய்யும் என்பதை 2021 கோடையில் கறுப்புப் பூஞ்சை நோய் காட்டியது. அந்த ஜூன் இறுதிக்குள் நாட்டில் 40,000-க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாகியிருந்தார்கள்.

தையல்காரச் சகோதரி ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுச் சுகமானார். அவர் வீட்டாரையும், கூடத் தைத்த இருவரையும் அழைத்துப் பரிசோதித்தோம். அந்த இருவரில் ஒருவருக்கும் காசநோய் இருந்தது. கவசம் தைத்த அறையிலேயே அது தொற்றியது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நானும் எங்கள் நர்ஸும் அந்த அறையைப் போய்ப் பார்த்தோம். ஒரே ஜன்னல். அதன்மேல் பழைய போர்வையை ஆணியடித்துப் பொருத்தியிருந்தார்கள், கிருமி உள்ளே வந்துவிடக் கூடாதென்று.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் காற்றின் வழியாகவே பரவுகிறது. கைகுலுக்கினால் தொற்றாது, தட்டு டம்ளரால் தொற்றாது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவர், காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல் மாடியில் வைத்திருந்த கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். அவை எந்த நோயாளியையும் காணவோ தொடவோ இல்லை. காற்றை மட்டும் சுவாசித்தன, நோயுற்றன. 2022-ல் நாட்டின் காசநோயாளிகள் எண்ணிக்கை மறுபடியும் 24 லட்சத்தைத் தாண்டியது. அதாவது மறைந்திருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அதுவரை அவர்கள் எந்தெந்த மூடிய அறைகளில் இருமிக்கொண்டிருந்தார்களோ!

நம் மிஷன் மருத்துவமனைகளைக் கட்டிய முன்னோருக்கு இது புதிதல்ல. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் பல மிஷன்கள் சேர்ந்து 1912-ல் நிறுவிய காசநோய் சானடோரியமானாலும் சரி, இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து 1928-ல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமானாலும் சரி, அகன்ற வராந்தாவும் வெளிக்காற்றும் அங்கே முதல் மருந்தாக இருந்தன. பிறகு உண்மையான மருந்து வந்தது. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சானடோரியத்தில் இருப்பவர்களைப்போலவே சுகமடைகிறார்கள் என்றும், வீட்டாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்றும் 1959-ல் உலகுக்குக் காட்டியது. சிகிச்சை தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது என்று இன்று அறிகிறோம். ஆபத்தான காலம், கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்திய காலம். அந்தக் கண்டுபிடிப்பு உலகெங்கும் சானடோரியங்களின் அவசியத்தைக் குறைத்தது. லட்சக்கணக்கான ஏழைகள் குடும்பத்தைப் பிரியாமல் பிழைத்தார்கள். கூடவே, யாரும் நினைக்காமலே, ஜன்னலும் மறக்கப்பட்டது.

பெரு நாட்டின் லிமா நகரத்தில் எட்டு மருத்துவமனைகளின் 70 அறைகளை அளந்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தால் ஓர் அறையின் காற்று மணிக்கு 28 முறை முழுவதுமாக மாறியது. எல்லாவற்றையும் சாத்தினால் அதில் பதினெட்டில் ஒரு பங்குதான். விலையுயர்ந்த இயந்திரக் காற்றோட்ட அறைகளுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவே 12 முறை. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட, 50 ஆண்டுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட மேலாக இருந்தன. எங்கள் மருத்துவமனையின் பழைய வார்டுகளில் கூரை மிக உயரம். புதிய கட்டடத்தில் பொய்க்கூரை போட்டு, கண்ணாடி வைத்து அடைத்து, ஏ.சி. பொருத்தினோம். திறப்பு விழாவில் எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்.

ஜன்னலைத் திறப்பது ஏன் கை கழுவுவதுபோல் பழக்கமாகவில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கையில் இருக்கும் அழுக்கு கண்ணுக்குத் தெரிகிறது, காற்றில் இருப்பது தெரியவில்லை. அதோடு, திறந்த ஜன்னலில் கொசு வருகிறது. திருடன் வருவான் என்ற பயம் இருக்கிறது. பனிக்காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று தாய்மார் நம்புகிறார்கள். இரவு எட்டு மணிக்கு நோயாளிக்குத் துணைக்கு வந்தவர் ஜன்னலைச் சாத்துவார். எட்டரைக்கு எங்கள் வார்டு சிஸ்டர் திறப்பார். ஒன்பதுக்கு மறுபடியும் சாத்தியிருக்கும். "ஏம்மா சாத்தினீங்க?" என்று கேட்டால், "கொசு பிடுங்குது சிஸ்டர், டெங்கு வந்தா என்ன பண்றது?" என்பார்கள். அது நியாயமான கேள்விதான்.

ஆகவே சென்ற மழைக்காலத்துக்கு முன்பு, காசநோய் வார்டின் பதினாறு ஜன்னல்களையும் அளந்து, தச்சரைக் கொண்டு மரச்சட்டம் செய்து, கொசுவலை அடித்தோம். ஜன்னல் கதவுகளின் கொக்கிகளை, உள்ளிருந்து எளிதாகச் சாத்த முடியாத உயரத்துக்கு மாற்றினோம். முதல் வாரம் இரண்டு பேர் ஸ்டூல் போட்டு ஏறிச் சாத்தினார்கள். ஸ்டூலை எடுத்துவிட்டோம். இப்போது இரவு இரண்டு மணிக்குப் போனாலும் திரைச்சீலைகள் அசைந்துகொண்டிருக்கின்றன. தையல்காரச் சகோதரியின் முன்னறை ஜன்னலுக்கும் மிச்சமிருந்த வலையில் ஒரு துண்டு போதுமாயிருந்தது. போர்வையை அவரே கழற்றி, துவைத்து, மடித்து வைத்துவிட்டார். வாசல் டிரம்முக்கு மறுபடியும் சோப்புக் கட்டும் பொறுப்பைக் காலை ஷிப்ட் காவலாளி ஏற்றிருக்கிறார்.